கழுவாத தொப்பி

அக்கா,

இன்று காலையும் சுவாமி அறையில் விளக்கேற்றிவிட்டு வெளியே வந்ததும் அந்த மணம்தான். நடையில் கொளுக்கியில் தொங்குகிற உங்கள் தொப்பி. தேங்காயெண்ணெயும் வியர்வையும் வெயிலும் கலந்த மணம். உங்கள் அடக்கம் முடிந்த கிழமை உங்கள் மகள் அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்து தந்தாள். "அன்ரி, மம்மி உங்களிட்டைத்தான் குடுக்கச் சொன்னவ. வாஷ் பண்ணித் தரட்டோ?" என்றாள். "ஐயோ, தொடாதை பிள்ளை!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பயந்தே போனாள். அவளுக்கு எங்கே தெரியும்.

புலம்பெயர்ந்து வந்து ஸ்பிரிங்வேலில் பக்கத்துப் பக்கத்து வீடு. நீங்கள் மன்னார் வேதக்காரி. நான் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாத சைவக்காரி. கோடையில் ஆடுகிற எங்கள் நகரத்து பேஸ்போல் அணிக்கு அமெரிக்காவிலிருந்து ஆட்டக்காரர் வருவார்கள். அவர்களை ரசிகர்களின் வீடுகளில் தங்க வைப்பது அந்தக் கிளப்பின் வழக்கம். மகள் கலியாணம் கட்டிப் போன அறையைப் பார்க்கச் சகியாமல் நீங்களும் ஒருவனைக் கேட்டு எடுத்தீர்கள். "அறைக்குள்ளை ஒரு ஆளின்ரை மூச்சு வேணும் பிள்ளை. விளையாட்டு என்னெண்டு பிறகு பாப்பம்" என்றீர்கள்.

அந்த விளையாட்டை நமக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் பிடித்தோம். ஆட்டப் பலகையில் எடுத்த ஓட்டங்களுக்குப் பக்கத்தில், விட்ட பிழைகளையும் ஊரறிய எழுதி வைப்பார்கள். வீட்டுக் கணக்கைச் சதம் பிசகாமல் எழுதுகிற எனக்கு அந்த இடத்தில்தான் மனம் ஒட்டியது. துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் ஓய்வு நாளில் ஆடத் தொடங்கி, பிறகு சம்பளத்துக்கு ஆடுகிற அணியானது என்று மைதானத்தில் ஒரு கிழவர் சொன்னார். முதல் மைதானம் சதுப்புக்குப் பக்கத்தில் இருந்ததாம். பந்து பொறுக்கப் போனால் கொக்கு எழும்புமாம். அதனால்தான் தொப்பியில் கொக்கு.

அந்த வருடம் அணி தொடர்ந்து வென்றுகொண்டிருந்தது. உங்கள் வீட்டுப் பெடியனின் தொப்பியோ உப்புப் பூத்து, கிட்டப் போக முடியாமல் நாறியது. ஒருநாள் நீங்கள் பொறுக்கமாட்டாமல் சவர்க்காரம் போட்டுத் தோய்த்துக் கொடியில் போட்டுவிட்டீர்கள். அவன் குசினிக்குள் ஓடி வந்தான்.

"ஆன்டி, வேர் இஸ் மை கேப்?"

"கொடியிலை காயுது மோனை. இப்பதான் மனிசன் போடுற தொப்பி மாதிரி இருக்கு."

கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். வெல்லுகிற காலத்தில் தொப்பியைக் கழுவினால் அதிர்ஷ்டம் கழுவுப்பட்டுப் போய்விடுமாம். நீங்கள் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த, நான் த பேசின் கோயிலுக்கு ஓடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். அன்றைக்குப் படுதோல்வி. "ரெண்டு சாமியாலையும் ஏலாமல் போச்சே பிள்ளை" என்றீர்கள். அதை அவனுக்கு இங்கிலீசில் சொன்னபோதுதான் அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஊருக்குத் திரும்பும் நாளில் அந்தத் தொப்பியை உங்கள் தலையில் வைத்தான். "சுத்தமாகிவிட்டது ஆன்டி, இனி எனக்கு உதவாது" என்றான். அதன் பிறகு நீங்கள் அதில் ஒரு பொட்டுத் தண்ணீர் படவிட்டதில்லை.

பிறகு மைதானத்தில் அடுக்குமாடி எழும்பியது. அணி நகரத்தின் மற்ற அந்தத்துக்குப் போனது. முதலாளி மாறினார். தொப்பியில் கொக்குப் போய் மின்னல் வந்தது. புது மைதானத்துக்கு முதல்நாள் போகும்போது காரில் நான் புறுபுறுத்துக்கொண்டே வந்தேன். "இடமும் அதில்லை, குருவியும் அதில்லை, ஆடுற பெடியளும் ஆண்டுக்கு ஆண்டு வேறை. எதைப் பாத்து எங்கடை ரீம் எண்டுறது அக்கா?"

"சண்டைக்குள்ளை எங்கடை கோயில் மாதாவைத் தூக்கிக்கொண்டு எத்தினை ஊர் ஓடினனாங்கள். போன இடமெல்லாம் கொட்டில்தான். அதுக்காக மாதா வேறை ஆளாகிட்டாவே? இதுகளும் எங்களைப் போலை இடம்பெயர்ந்ததுகள். பேசாமல் காரை ஓட்டும்."

அன்றைக்கு வாயை மூடினேன். மனம் மூடவில்லை. மாதாவுக்கு முகம் ஒன்றுதானே அக்கா, இவர்களுக்கு எது முகம் என்று உங்களோடு இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கோடை தொடங்க முதல் கிளப்பிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் வந்தாள். உங்கள் அறைக்கு வர இருந்த ஆட்டக்காரனுக்கு இப்போது இடமில்லை, நான் எடுப்பேனா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, குசினிக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். மச்சம் புழங்காத வீடு. நீங்களும் இல்லை, கொக்கும் இல்லை. யாருடைய அணிக்காக ஓம் சொல்ல? மாட்டேன் என்றாலோ, அந்தப் பலகையையும் சத்தத்தையும் இனி ஒரு நாளும் பார்க்கப் போகமாட்டேன் என்று தெரியும். அதோடு நீங்களும் ஒரேயடியாகப் போய்விடுவீர்கள்.

இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். "உமக்கென்ன விசரே? பருப்பும் கத்தரிக்காயும் திண்டு அவன் பந்தடிப்பானே?"

"மச்சத்தை வெளியிலை திண்டிட்டு வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே கிளப்பின் தொலைபேசி எண்ணை அழுத்தினேன்.

வந்துவிட்டான். தோசைக்கு, நிலக்கடலையில் செய்த கச்சான் பட்டர் பூசித் தின்கிறான். இவரும் இப்போது தோசையில் அதைத்தான் பூசுகிறார். வந்த அன்றே நடையில் நின்று உங்கள் தொப்பியைப் பார்த்து, "இது எந்த ரீம்?" என்று கேட்டான். "எங்கடை" என்றேன். நான் யோசிக்க முதல் வாய் சொல்லிவிட்டது. அவன் தலையாட்டிவிட்டு, தன் மின்னல் தொப்பியைக் கழற்றிப் பக்கத்துக் கொளுக்கியில் மாட்டினான்.

இப்போது வென்றுகொண்டிருக்கிறார்கள் அக்கா. அவன் தொப்பி சாம்பிராணியையும் மிஞ்சி மணக்கிறது. ஒவ்வொரு காலையும் என் கை சவர்க்காரத்துக்குப் போகிறது. உங்கள் தொப்பியைப் பார்த்துவிட்டுக் கையை எடுக்கிறேன். இன்றும் வெல்ல வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டிருக்கிறேன். வென்றால் அடுத்த கிழமையும் இந்த நாற்றம்தான்.

பின்னேரம் ஆட்டம். கார்த் திறப்பை எடுத்து வைத்துவிட்டேன். பக்கத்து இருக்கையில் உங்கள் தொப்பி வரும். நெடுஞ்சாலையில் ஏறியதும் "பேசாமல் காரை ஓட்டும்" என்பீர்கள். ஓட்டுகிறேன் அக்கா. பேசாமல்தான் இருக்க முடியவில்லை.