ஆறு மணிப் பதிவு

நாகசாகி
ஜனவரி 12

அன்புள்ள மிஹோவுக்கு,

நான் இறக்கவில்லை. இறந்துவிட்டதாக எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள் என்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடித வழக்கப்படி குளிரைப் பற்றி விசாரிக்கும் மனநிலையில் இல்லை.

நேற்று பார்சல்காரர் வாசலில் தலை கவிழ்ந்து நின்று, "பெரியம்மா போயிட்டாங்களாமே. தினம் அவங்க எழுதுறதப் படிச்சிட்டுத்தான் வண்டிய எடுப்பேன்" என்றார். "அந்தப் பெரியம்மா நான்தான். கையெழுத்து எங்க போடணும்?" என்றேன். பெட்டியில், துக்க வீட்டுக்கு அனுப்பும் ஊதுவத்தி. இதோடு நாற்பத்து மூன்று பெட்டிகள். பதினோரு வருஷம் என் வலைப்பூவைப் படித்தவர்களுக்கு நான் மாதா கோயிலுக்குப் போகிறவள் என்பதுகூட நினைவில்லை.

டிசம்பரில் மணிக்கட்டு முறிந்தபோது கடவுச்சொல்லை உன்னிடம் கொடுத்து ஒரே ஒரு வேலை சொன்னேன்: என் அக்கா இறந்த வருஷம், ஆகவே புத்தாண்டு வாழ்த்து கிடையாது என்று அறிவித்துவிடு. "எங்கள் வீட்டில் துக்கம், வாழ்த்துவதைத் தவிர்க்கிறோம்" என்று எழுதி, கீழே உன் பெயரைப் போட்டிருக்கிறாய். போனவர் பெயர், வயது, உறவு மூன்றையும் எழுத வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தினமும் காலை ஆறு மணிக்குத் தன் காலை உணவின் படமும் நாலு வரிக் கண்டிப்பும் போட்டவள் திடீரென்று நிறுத்தினால், வாசகர்கள் வேறென்ன நினைப்பார்கள்?

கட்டுப் பிரிக்கும்வரை கணினியைத் தொடாதீர்கள் என்றார் மருத்துவர். நான் தொடவில்லை; நேற்றுப் பிரித்த பிறகுதான் திறந்து பார்த்தேன். நீ தொட்டுக்கொண்டுதானே இருந்தாய்? ஏன் திருத்தவில்லை?

ஹிசாயோ


ஃபுகுவோகா
ஜனவரி 16

அத்தைக்கு வணக்கம்.

குளிர் கடுமையாக இருக்கிறது. கை வலிக்கிறதா என்று உங்கள் மகன் கேட்கச் சொன்னார்.

நீங்கள் போய்விட்டதாக நினைத்து முதல் இரங்கல் வந்த நாளே மறுத்திருக்க வேண்டும். அன்று ஒரு வாசகி, நீங்கள் காய்ச்சும் கஞ்சி எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தார். எழுதினேன். "நல்லா எழுதுறீங்க, நாளைக்கும் எழுதுங்க" என்று பின்னூட்டங்கள் வந்தன. பத்தொன்பது வருஷமாக நான் உங்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதமும் சிவப்பு மையோடு திரும்பி வந்திருக்கிறது. தவறு என்று தெரிந்தும் மறுநாளும் எழுதினேன். படிப்பவர்கள் இரண்டு மடங்கானார்கள். நீங்கள் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் என்னை யார் படிப்பார்கள்?

இனி அந்தப் பக்கத்தைத் திறக்க மாட்டேன். கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள். மன்னியுங்கள்.

மிஹோ


நாகசாகி
ஜனவரி 20

அன்புள்ள மிஹோவுக்கு,

உன் கடிதத்தைத் திருத்தாமல் வைத்திருக்கிறேன். கை வலியால் அல்ல.

நீ எழுதிய இருபத்தாறு பதிவுகளையும் படித்தேன். கஞ்சிக்கு உப்பை நான் கடைசியில்தான் போடுவேன். முதலில் என்று எழுதியிருக்கிறாய். என் கணவர் போன பிறகு ஒரு வருஷம், தினமும் இரண்டு கிண்ணங்கள் எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்ததை நீ பார்த்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அதை என்னால் எழுத முடிந்ததே இல்லை.

இன்று காலை ஆறு மணிக்கு அறிவித்துவிட்டேன்: இறந்தவர் என் அக்கா, எண்பத்து நான்கு வயது, நான் இருக்கிறேன், பிழை எங்கள் வீட்டினுடையது. ஏமாற்றிவிட்டோம் என்று சொல்லிப் பலர் போய்விட்டார்கள். அது அவர்கள் உரிமை. அவோமோரியில் ஒரு பழைய படகோட்டி மட்டும், "திட்டுறதுக்கு நீங்க வந்துட்டீங்க, சரி. மருமக எங்க?" என்று கேட்டிருக்கிறார்.

வியாழக்கிழமைகள் உன்னுடையவை. உன் பெயரில், உள்ளதை உள்ளபடி, காலை ஆறு மணிக்கு. நான் கை வைக்க மாட்டேன். கடவுச்சொல்லை மாற்றவில்லை.

சம்மதமா இல்லையா என்று சொல். தொலைபேசி வேண்டாம், கடிதமாக எழுது.

ஹிசாயோ