எதிரொலி இல்லாத அறை

சனிக்கிழமை, இரவு

என் மனைவி ஸ்டெல்லா தன் பழைய புடவைகளை அடைத்துத் தைத்துக் கொடுத்த மெத்தைகளை இன்றுதான் பின்னறைச் சுவர்களில் அடித்து முடித்தேன். கை தட்டிப் பார்த்தேன். துளி எதிரொலி இல்லை. அவலூர்பேட்டை பஸ்ஸின் ஹாரன்கூட அமுங்கிப்போய்த்தான் கேட்டது. என் பதிவுகள் எதுவும் தேறாததற்கு இரண்டு வருடமாக அந்த மொட்டைச் சுவர்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கோயிலில் வாராவாரம் பாடும் மாதா பாட்டையே மைக் முன்னால் பாடினேன். ஹெட்போனில் கேட்டால், மேலே போகும் இடத்தில் குரல் எட்டவே இல்லை. நடுங்கிக் கீழே விழுகிறது. மூன்று முறை பாடினேன். மூன்றும் அப்படியே.

ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு ஹெட்போனைக் கொடுத்தேன். முழுவதும் கேட்டாள். என் முகத்தைப் பார்க்காமல், "கோயில்ல நல்லாத்தாங்க இருக்குது" என்றாள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "மெத்தையெல்லாம் கழட்டிடலாமா?" என்றாள்.

பூசை முடிந்ததும் எத்தனை பேர் என் கையைப் பிடித்துப் பாராட்டியிருக்கிறார்கள்! அத்தனையும் கோயிலில் எதிரொலிக்கும் அந்த உயரமான கூரைக்குச் சேர வேண்டியது.

விடிந்தால் ஞாயிறு. முதல் பாட்டு நான்தான் பாட வேண்டும். ஸ்டெல்லா எப்போதும் முன்வரிசையில்தான் உட்காருவாள்.