கடல் வாங்காத வெள்ளம்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபெபி எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் நலம். அம்மாவின் முட்டுவலி தேவலையா? போனில் சொன்னால், போன வெள்ளமே நம் படியோடு நின்றது என்று சிரிப்பீர்கள். அதனால்தான் கடிதம்.

சென்னையில் எங்கள் அலுவலகம் வெள்ள எச்சரிக்கைத் திட்டம் தயாரிக்கிறது. போன வாரக் கூட்டத்துக்கு, நம் ஆறு கடலில் சேரும் புன்னக்காயலிலிருந்து இஞ்ஞாசி அண்ணாச்சி என்ற மீனவர் வந்திருந்தார்.

"ஆத்து முகத்துல மணல் மேடு ஏறிட்டு ஐயா. நீரோட்டமும் மாறிக் கெடக்கு. இந்த மழைக்கு வெள்ளம் வந்தா கடல் வாங்காது. ஏரலுக்குள்ள திரும்பிரும்" என்றார்.

"கருவியில் எடுத்த அளவு இருக்கிறதா?" என்று கேட்டார் அதிகாரி.

"அம்பது வருசமா கடல்ல கெடக்கேன். வேற அளவு இல்ல."

அறிக்கையைத் தட்டச்சு செய்தவள் நான்தான். அண்ணாச்சியின் பேச்சை நீக்கச் சொன்னார்கள். நீக்கிவிட்டேன். பாதுகாப்பான பகுதிப் பட்டியலில் ஏரலில் நம் தெருவும் இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் அம்மாவைப் பாளையங்கோட்டை அத்தை வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். வீட்டுப் பத்திரங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கொஞ்சம் பருப்புப்பொடி அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை.

மேலே கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். காலையில் இஞ்ஞாசி அண்ணாச்சிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். நம் வீடு ஏரலில்தான் என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வீட்டாரை நேற்றே திருச்செந்தூருக்கு அனுப்பிவிட்டாராம். "ஒங்க அப்பா இன்னுமா அங்கன இருக்காவ?" என்று மட்டும் கேட்டார்.

உங்கள் மகள்,
ஃபெபி