ஊர்ப் பெயரோடு வாசித்த பூசைக் கருத்து

கடலூர் முதுநகர்,
ஆகஸ்ட் 19

அன்பு மகள் நித்யா மேரிக்கு அம்மா சவரிமேரி எழுதுவது. ஆண்டவர் தயவில் நீ வியன்னாவில் சுகமாக இருப்பாய். நான் சுகமாக இல்லை, கோபமாக இருக்கிறேன். வேலையைப் பற்றிப் போனில் பேசாதே, வாட்ஸப்பில் எழுதாதே என்று எனக்குச் சட்டம் போட்டிருக்கிறாய். தபாலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை இருபது நிமிடம் என்னைத் திட்டினாய். நடுவில் ஒரு வார்த்தை பேச விடவில்லை. பதினோரு வருட உழைப்பை ஒரே பூசையில் கெடுத்துவிட்டேன் என்றாய். "ஒண்ணும் தெரியாத ஜனம் மாதிரி பண்ணிட்டியேம்மா" என்றாய். அதுதான் இன்னும் ஆறவில்லை. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே ரூமில் இருபத்தேழு வருடம் கோட்டில் பேட்ஜ் குத்திக்கொண்டு நின்றவள் நான். உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கிறது என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எழுதி வரும். நீ வயிற்றில் இருந்தபோது அந்தக் கதவைத் தாண்ட மாட்டேன் என்று டாக்டரிடமே சண்டை போட்டேன். எனக்கா ஒன்றும் தெரியாது?

உன் வேலையும் தெரியும். நாடு நாடாகப் போய், அணு உலையில் நீங்கள் வைத்த முத்திரை உடையாமல் இருக்கிறதா, யுரேனியம் வைத்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறாய். எவனும் திருட்டுத்தனமாகக் குண்டு செய்யக் கூடாது. நல்ல வேலைதான். ஆனால் ஆயிரக்கணக்கில் வைத்திருப்பவன் வைத்துக்கொள்ளலாமாம், இல்லாதவன் மட்டும் செய்யக் கூடாதாம். இது என்ன நியாயம் என்று கேட்டால், "நியாயம் இல்லம்மா, இருக்கிறதுல இதான் பரவால்ல" என்கிறாய். அந்தப் பரவாயில்லைக்காக, குண்டு விழுந்து இன்னும் புகை அடங்காத இடத்துக்குள் என் பிள்ளை நுழைய வேண்டுமா? போட்டவனே போய் எண்ணிப் பார்க்கட்டுமே.

அந்த நாட்டின் பெயரை இங்கே எழுதவில்லை, பயப்படாதே. நீ எனக்கு அதைச் சொல்லவும் இல்லை. ஜூன் மாதம், முழங்கால் வரைக்கும் முழுக்கை அங்கி நான்கும் முக்காட்டுத் துணி ஆறும் தைத்து அனுப்பச் சொன்னாய். குளிருக்கு என்றாய். குளிருக்கு மெல்லிய பருத்தியை யார் கேட்பார்கள்? சிதம்பரத்தில் படிக்கும்போது உனக்குச் சுடிதார் தைத்த திலகவதியிடம்தான் கொடுத்தேன். துணியைத் தொட்டதுமே, "அக்கா, பாப்பா வெயிலூருக்கு இல்ல போவுது" என்று சிரித்தாள். வீட்டுக்கு வந்து டிவி போட்டால், எல்லாச் சானலிலும் அந்த நாடு எரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க உன் படிப்பு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பார்சல் போட்ட வாரமே உபதேசியார் ஞானராஜிடம் கருத்துச் சீட்டு கொடுத்தேன். இன்றைய பூசை இன்னாருக்காக என்று மைக்கில் வாசிப்பார்களே, அது. அணு உலையைப் பார்வையிட இன்ன நாட்டுக்குப் போகும் நித்யா மேரியின் பாதுகாப்புக்காக என்று ஊரோடு சேர்த்து எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "பேரு போதும் சவரி, ஊரு எதுக்கு?" என்றார். "ஆண்டவருக்கு அட்ரஸ் வேணும், படிங்க" என்றேன். படித்தார். கோயில் பாடகர் குழுவில் இருக்கும் டோனி வழக்கம்போல யூடியூபில் அதை நேரலையாக விட்டுக்கொண்டிருந்தான். எவனோ அந்த இடத்தை மட்டும் வெட்டிப் பரப்பினான். உன் அலுவலகம் அங்கே போகும் குழுவிலிருந்து உன்னை எடுத்துவிட்டு, வெளியே சொன்னது நீதானா என்று விசாரணையும் வைத்துவிட்டது.

இதை நீ என் அறியாமை என்று நினைக்கிறாய். இல்லை. போகிற ஊர் வெளியே தெரிந்துவிட்டால் அந்த ஆளை அனுப்ப மாட்டார்கள் என்று கிறிஸ்துமஸுக்கு வந்தபோது மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே நீதான் சொன்னாய். தெரிந்தேதான் எழுதிக் கொடுத்தேன். வேலை போனால் போகட்டும், உயிர் இருக்கட்டும் என்றுதான். உன்னை நம்ப வைக்க நான் இனி எதுவும் சொல்லப் போவதில்லை. செய்தேன், அவ்வளவுதான்.

ஆனால் போனை வைக்கும் முன் ஒன்று சொன்னாய். உனக்குப் பதிலாக உன்னோடு வேலை செய்யும் மார்த்தா போயிருக்கிறாள், இரண்டு வயதுக் குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு என்று. அதுவரை நான் ஜெயித்தவள். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. என் பிள்ளையைப் பிடித்து இழுத்து இன்னொருத்தி பிள்ளையை உள்ளே தள்ளியிருக்கிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். அவர் மேலும் கோபம் வந்தது. இதற்கு மூன்று போதுமா?

அதனால் இந்தக் கடிதத்தை அப்படியே மொழிபெயர்த்து உன் விசாரணைக்காரர்களிடம் கொடு. மகள் சொல்லவில்லை, தாயே கண்டுபிடித்தாள், தாயே ஊரறியச் செய்தாள். அடியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். படித்தால் உன் மேல் பழி இல்லை என்று ஆகும். பழி இல்லை என்று ஆனால் அடுத்த முறை உன்னை அனுப்புவார்கள். அது தெரியாமல் நான் எழுதவில்லை.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. உன் மேலும் இருக்கிறது, குண்டு போடுகிறவர்கள் மேலும் இருக்கிறது, என் மேலும் இருக்கிறது. மார்த்தாவின் அம்மாவிடம் பேச வேண்டும். என்ன பாஷையில் பேசுவேன் என்று தெரியாது, ஆனாலும் நம்பர் அனுப்பு.

சிதம்பரத்துக்குக் காலை ரயிலில் படிக்கப் போன நாளில்கூட நெற்றியில் சிலுவை வரையாமல் உன்னை நான் அனுப்பியதில்லை. இனி நீ புறப்படும் நாளை எனக்குச் சொல்லாதே. சொன்னால் மறுபடியும் ஏதாவது செய்துவிடுவேன். என் கை என்று நினைத்து நீயே வரைந்துகொண்டு போ. முடிந்ததும் எந்த ஊர், என்ன பார்த்தாய், ஒன்றும் வேண்டாம். வந்துட்டேம்மா என்று மட்டும் சொல்.

உன் அம்மா,
சவரிமேரி