4.10 முதல் 4.31 வரை

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில், மூன்றாம் நாள். பல் டாக்டரிடம் போகவில்லை. நகராட்சிக் கூட்டச் செய்தி பத்திரிகைக்கு அனுப்பியாயிற்று.

டீக்கடையில் பழைய கிண்டல். "காத்து அண்ணாச்சி வாராரு, பெஞ்சைப் பிடிச்சுக்கிடுங்கலே." போன கோடையில் நான் சொன்ன சூறைக்காற்று வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் (ஆறு பேர், எல்லோருக்கும் வானிலை ரேடார் பைத்தியம்) விதி போட்டவன் நான்: அடுத்தடுத்து இரண்டு ரேடார் படம் பார்க்காமல் சுழல் என்று யாரிடமும் சொல்லக் கூடாது. படம் பத்து நிமிடத்துக்கு ஒன்று.

மாலை முருகையா போன். வாசுதேவநல்லூரில் வாழை போட்டிருப்பவர். குலை தள்ளிவிட்டதாம். மத்தியானங்களில் மனைவி செல்லத்தாய் தோட்டத்துத் தகர ஷெட்டில் தனியாக. காற்று வருவது தெரிந்தால் ஒரு சத்தம் கொடுக்கச் சொன்னார். சரி என்றேன்.

மே 7, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

3.40. மலைமேல் இடிமேகம். கிழக்கே நகர்வு.

4.10. ரேடாரின் காற்றுப் படத்தில், வாசுதேவநல்லூருக்கு மேற்கே, பச்சையும் சிவப்பும் ஒட்டிக்கொண்டு. பக்கத்துப் பக்கத்தில் காற்று எதிரெதிராக ஓடுகிறது. அதாவது சுழல். இந்தப் பக்கத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

4.12. குழுவில் இருக்கும் கடையநல்லூர் மருந்துக்கடை சாகுல் கூப்பிட்டார். "அண்ணாச்சி, சுத்துது. ஒங்க வாழைக்காரருக்குப் போனப் போடுங்க." அடுத்த படம் வரட்டும் என்றேன்.

காத்திருந்த நேரத்தில் சுழலைச் சுற்றி வட்டம் போட்டேன். மூலையில் என் பெயர். எழுத்து சிறிதாகத் தெரிந்தது, பெரிதாக்கினேன்.

4.20. படம் வரவில்லை.

4.27. வந்தது. சுழல் தோட்டங்களின் மேலே. வட்டம் போட்ட படத்தை முதலில் குழுவில் போட்டேன்.

4.31. முருகையாவுக்குப் போன். தொடர்பு கிடைக்கவில்லை.

மே 8, வியாழன்

மேகமே இல்லை. செய்திக்காகத் தோட்டத்துக்குப் போனேன். வாழைகள் ஒரு பக்கமாகச் சாயவில்லை, முறுக்கிப் போட்டதுபோல் கிடக்கின்றன. ஷெட் இல்லை. தகரம் செல்லத்தாயின் வலது மணிக்கட்டை வெட்டிவிட்டது. தென்காசி ஆஸ்பத்திரி. விரல்கள் மடங்குமா, டாக்டர் சொல்லவில்லை.

வராந்தாவில் முருகையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டவர் செத்துப்போச்சு அண்ணாச்சி. நீங்க கண்டிப்பா கூப்பிட்டிருப்பிய."

கூப்பிட்டேன் என்றேன். பொய் இல்லை. எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை.

என் படத்துக்கு ஏகப்பட்ட பாராட்டு. சாகுல் ஒன்றும் எழுதவில்லை.

மே 9, வெள்ளி

புழுக்கம். செய்தியில் 'முன்னெச்சரிக்கை கிடைக்கவில்லை' என்று எழுதி, அந்த வரியை அடித்துவிட்டேன். யாரிடமிருந்து என்று கேட்காமல் இப்படி ஒரு வரியை நான் விட்டதில்லை.

மறுபடி ஆஸ்பத்திரி. முருகையா டீ வாங்கப் போயிருந்தார். செல்லத்தாய் விழித்திருந்தார். கட்டுக்கு வெளியே சுண்டுவிரல் மட்டும் அசைகிறது. அவரிடமே சொன்னேன். 4.10க்குத் தெரியும், 4.31க்குத்தான் கூப்பிட்டேன். டவர் எப்போது போனது என்று கேட்டேன்.

"நாலே காலுக்கு போன்ல மதினிகிட்டப் பேசிக்கிட்டுல்லா இருந்தேன்" என்றார். "ரோட்டு மேல மோட்டார் ரூம்பு இருக்கு. காங்கிரீட்டு. ஓடுனா ரெண்டு நிமிசம்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார்.

"அவுக வாராக. அவுககிட்டயும் நீங்களே சொல்லிருங்க."

முருகையா வந்தார். இரண்டு டீ. பெரிய டம்ளரை என்னிடம் நீட்டினார்.