எந்த ‘நாம்’?

ஹாம்பர்க்,
நவம்பர் 1973

சௌபாக்கியவதி வைதேகிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்துக்கு நான் பதில் போடாமல் இருந்தது போதும். நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

இங்கே பல்கலைக்கழகத்தில் ஓர் அரபு அறிக்கையைத் தெற்கு சூடானில் பேசும் நூயர் மொழியில் பெயர்க்கிறோம். அரபியில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் ‘நஹ்னு’தான். நூயரில் தமிழைப் போலவே கேட்பவரைச் சேர்த்துச் சொல்ல ஒரு சொல், சேர்க்காமல் சொல்ல ஒரு சொல். உடன் வேலை செய்யும் சூடான்காரர் கோவாங், “எதைப் போடறது?” என்று பேராசிரியரைக் கேட்டார். “ரெண்டும் ஒண்ணுதானே” என்று அவர் போய்விட்டார்.

“இவர் வீட்ல சண்டையே வராது போல” என்றார் கோவாங். நானும் சிரித்தேன்.

அன்று மாலை உன் கடிதம் வந்தது. ‘நாங்கள் மைதிலிக்கு நிச்சயம் செய்துவிட்டோம்.’ நம் பெண்ணுக்கு, நீயும் உன் அண்ணாவும். இலக்கணப்படி சரிதான். வீடு மாறியபோதும் இதே ‘நாங்கள்’தான்.

மாப்பிள்ளையின் பெயரை எழுத விட்டுவிட்டாய். முகூர்த்தத் தேதியையும் எழுது, லீவு கேட்க வேண்டும். மைதிலியின் போட்டோ ஒன்று அனுப்பு.

தபால் எடுக்க வரும் நேரம். என் கையெழுத்து இல்லாமலே அங்கே எல்லாம் நடக்கிறது. இதையும் கையெழுத்திடாமலே தபாலில் சேர்க்கிறேன்.