அருவிச் சத்தத்தில் ஐந்து மூச்சு

ஓட்சு,
அக்டோபர் 24

இசாகு அண்ணா,

மேப்பிள் இலை சிவந்ததைப் பற்றி இரண்டு வரி எழுதித்தான் கடிதத்தைத் தொடங்குவது வழக்கம். எனக்கு வரவில்லை.

கனாயே போய் இன்று இருபத்தேழாவது நாள். சாப்பிடுகிறேன், பல் தேய்க்கிறேன், தூங்குகிறேன். அழுகை மட்டும் வரவில்லை. உள்ளே ஏதோ ஒரு வயர் கழன்றுவிட்ட மாதிரி இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

பத்தொன்பதாம் தேதி மலைக் கோயில் படப்பிடிப்புக்கு வந்தேன். மனைவியை இழந்தவன் ஐம்பது நாள் கோயிலின் தோரி வாசலைத் தாண்டக் கூடாது என்பது எனக்கும் தெரியும். சரி, வாசலுக்கு வெளியே வேனில் உட்கார்ந்துகொள்கிறேன், மைக்கை நீங்கள் உள்ளே கொண்டுபோங்கள் என்றேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? சட்டைப் பையிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுத்தீர்கள். அவள் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களுக்கு, தீட்டுக் கழிய, நானே என் கையால் கொடுத்த பொட்டலம். அதைப் பிரித்து மைக் மேல் தூவினீர்கள்.

"சாவு வீட்டுலேர்ந்து வந்த சாமான்ப்பா, தப்பா எடுத்துக்காதே."

"அண்ணா, அது மைக்! ஊறுகா இல்ல!" என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான்.

உப்பின் மேல் அருவிச் சாரல் பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்று பதிவானது முழுக்க எண்ணெயில் டெம்புரா பொரிகிற சத்தம். ஒரு நிமிடம்கூடத் தேறாது.

ஆக, அருவிக்கு இப்போது இருப்பது செப்டம்பரில் எடுத்தது மட்டும்தான். கனாயே முழங்கால் தண்ணீரில் நின்று மைக் கம்பைப் பிடித்தாளே, அது. ஏழு நிமிடம் மூச்சு சத்தம் கேட்காமல் கம்பைப் பிடித்து நின்றவள், கடைசியில் முடியாமல் ஐந்து மூச்சு விட்டிருக்கிறாள். அதற்கு ஒன்பதாவது நாள் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது.

நேற்று உங்கள் உதவி இயக்குநர் போன் செய்தார். "அந்த மூச்சை எடுத்துடச் சொன்னார் டைரக்டர், அருவி சுத்தமா இருக்கணுமாம்." அதை நீங்களே எனக்கு எழுதுங்கள்.

தொமோஹரு

*

கியோட்டோ,
அக்டோபர் 28

அன்புள்ள தொமோஹரு,

காலையில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. கழுத்துக்குத் துணி சுற்றிக்கொள். சமைக்காமல் கிடக்கிறாயோ என்று அம்மா கவலைப்படுகிறாள். பேரிப்பழம் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறாள்.

உப்பு விஷயத்தில் என் மேல்தான் தப்பு. மைக்குக்கு என்ன செலவானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் மூச்சு விஷயத்தில் என்னைப் புரிந்துகொள். இந்தப் படம் முழுக்க மலை, தண்ணீர், அதில் இறங்கித் தன்னைக் கழுவிக்கொள்ளும் ஒரு பூசாரி. பார்க்கிறவன் தானும் அந்தத் தண்ணீரில் நிற்பதாக உணர வேண்டும். அந்த இடத்தில் இன்னொருத்தர் மூச்சு கேட்டால் எல்லாம் கலைந்துவிடும். அவள் இருந்திருந்தால் அவளே சொல்லியிருப்பாள்: "ஐயோ, என்னைத் தூக்கி வெளியே போடுங்க."

கோயில்காரர்களும் படத்தைப் பார்த்துத்தான் வெளியிட அனுமதி தருவார்கள். போனவளின் மூச்சு அருவிக்குள் இருக்கிறது என்று தெரிந்தால் என்ன சொல்வார்களோ. பெரிய மனசு பண்ணு.

அன்புடன்,
இசாகு

*

ஓட்சு,
நவம்பர் 1

இசாகு அண்ணா,

பேரிப்பழம் வந்தது. அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். இனி எழுதுவது உங்களுக்கு மட்டும்.

அன்று நான் வேனில் உட்கார்ந்திருந்தபோது பெண் பூசாரி ஹிசானோ சூடாக டீ கொண்டுவந்து கொடுத்தார். கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "உங்க சம்சாரம் தவறிட்டாங்கன்னு டைரக்டர் சொன்னாரு. சவுண்டுக்காரரோட மனைவின்னாரு. வேத்து ஆளுக்காக அவர் கண்ணு கலங்குதுங்க. நல்ல மனுஷன்."

வேத்து ஆள்.

நான் டீயைக் குடித்துவிட்டு, "ஆமாங்க, நல்ல மனுஷன்" என்றேன்.

கூடப்பிறந்தவருக்கு முப்பது நாள் என்பது அந்தக் கோயில் வழக்கம். அன்று இருபத்திரண்டாவது நாள். உள்ளதைச் சொல்லியிருந்தால் நீங்களும் என் பக்கத்தில் வேனில் உட்கார்ந்திருப்பீர்கள். அதற்காக உங்கள் தங்கையை என் மனைவி மட்டும் என்று ஆக்கிவிட்டு உள்ளே போனீர்கள். என் மைக்குக்கு உப்பு போட்ட நீங்கள் உங்களுக்கு என்ன போட்டுக்கொண்டீர்கள்?

மேடை ஏறினால் மனுஷனும் மலையும் ஒன்று என்பீர்கள். கனாயே எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரிப்பாள். மலையில் மான் மூச்சு விடலாம். காக்கை கத்தலாம், அதையெல்லாம் வைத்துக்கொண்டீர்கள். உங்கள் கூடப் பிறந்தவள் மூச்சு விட்டால் அழுக்கா?

எடுக்க மாட்டேன். வேறு சவுண்டுக்காரனைப் பாருங்கள். ஒரிஜினல் என்னிடம்தான் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் தங்கையின் கணவன்,
தொமோஹரு

*

கியோட்டோ,
நவம்பர் 9

தொமோஹரு,

பருவத்தைப் பற்றி எழுத இன்று எனக்கும் வரவில்லை.

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அப்புறம் மலை ஏறிப் போய், தோரி வாசலுக்கு வெளியே நின்று ஹிசானோவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். படத்தை நிறுத்திவிடுவாள் என்று நினைத்தேன். உன் வயதுதான் அவளுக்கு. என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

"துக்கக்காரங்க அழுக்குன்னு யாருங்க சொன்னா? தெம்பு வத்திப் போயிருக்கும், வீட்டுல கெடந்து தேறட்டும்னுதான் நாள் வச்சிருக்கு. நீங்க ஒரு நாளாவது கெடந்தீங்களா?"

"வேலை இருந்துச்சு" என்றேன்.

"அந்த முப்பது நாளை இன்னிக்கு ஆரம்பிங்க. அது முடியாம இந்தப் பக்கம் வராதீங்க. படமும் நகராது."

வீட்டில்தான் இருக்கிறேன். எடிட்டிங் அறையில் அந்த இடம் வரும்போதெல்லாம் நான் ஒலியைக் குறைத்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியாது. என்னால் கேட்க முடியவில்லை, தம்பி. அதற்குத்தான் சுத்தம் என்று பேர் வைத்தேன்.

மூச்சு இருக்கட்டும். அப்படியே படத்தில் போகட்டும்.

இசாகு

*

ஓட்சு,
நவம்பர் 17

இசாகு அண்ணா,

இன்று ஐம்பத்தொன்றாவது நாள். துக்கம் முடியும்வரை வீட்டுச் சாமி மாடத்தை மூடி ஒட்டியிருந்த வெள்ளைத்தாளைக் காலையில் கிழித்தேன். கேபிளுக்குப் போடுகிற டேப்பால் ஒட்டியிருந்தேன். மரத்தில் இருந்த பூச்சும் சேர்ந்து வந்துவிட்டது. அவள் பார்த்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள்.

"மூச்சு இருக்கட்டும்" என்கிறீர்கள். இப்போது நான் சொல்கிறேன், இருக்காது. கோயில் வாசலில் அவளை யாரோ என்று சொன்னவர், இருட்டு அரங்கில் முன்பின் தெரியாதவர்களுக்கு அவளைக் கேட்கவைக்க வேண்டாம்.

எடுத்துவிட்டேன். இருபது நிமிட வேலை. சுத்தமான அருவி இத்துடன் இருக்கிறது, படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். என் பெயரைப் போட வேண்டாம். அவள் பெயரைப் போடுங்கள்.

ஒரு சத்தத்தை எடுத்தால், எடுத்ததை மட்டும் தனியாகக் கேட்கலாம். கேட்டேன். தண்ணீர் இல்லை, காற்று இல்லை, அவள் மட்டும். ஐந்து மூச்சு. பதிவு நேரத்தில் நாங்கள் இருவரும் மூச்சை அடக்கித்தான் பழக்கம். ஐந்தாவது முடிந்த பிறகும் நான் அடக்கிக்கொண்டே இருந்தேன். விட்டபோது அழுகையாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுகிற அளவுக்கு.

உங்கள் மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் சொல்ல மாட்டேன்.

உங்கள் முப்பது நாள் முடிகிறவரை வராதீர்கள். முடிந்ததும், டைரக்டராக இல்லாமல் அவள் அண்ணனாக வருவதென்றால் வாருங்கள். ஹெட்போன் இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று அவளுடையது.

சட்டைப் பையில் உப்பு இருந்தால் ரயிலிலேயே கொட்டிவிட்டு வாருங்கள்.

தொமோஹரு